சிறுநீரில் இரத்தம்: கவனிப்பது முதல் பரிசோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருநாள் காலையில் ஒருவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பதற்றத்தோடு நிறையத் தண்ணீர் குடிக்கிறார். மாலைக்குள் நிறம் வெளிறி, மறுநாள் பழையபடி தெளிந்துவிடுகிறது. உடம்புச் சூடாக இருந்திருக்கும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை மறந்தும்விடுகிறார். சிறுநீரில் இரத்தம் கண்ட பலர் மருத்துவரிடம் தாமதமாகச் செல்வதற்குக் காரணம் இந்த மறதிதான். சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ வளரும் கட்டி நாள்தோறும் இரத்தம் கசிவதில்லை. ஒருமுறை கசிந்து, சில வாரங்களோ சில மாதங்களோ அடங்கியிருந்து, பிறகு மீண்டும் கசியும். எனவே இரத்தம் தானாக நின்றுவிட்டது என்பதை, காரணம் நீங்கிவிட்டது என்பதற்கான சான்றாகக் கொள்ள இயலாது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிறுநீரில் இரத்தம் வரும் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. தொற்று, கல், ஆண்களுக்கு வயதோடு வரும் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கம் போன்றவையே பரவலான காரணங்கள். சிலருக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகும் காரணம் எதுவும் தெரியவராது. ஆனால் எது எளியது, எது கடியது என்பதை நிறத்தைப் பார்த்தோ வலியின் அளவைக் கொண்டோ வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியாது. ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் இரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடும் என்பதால், பயமுறுத்தும் அளவுக்குச் சிவந்திருப்பது பேரிழப்பைக் குறிக்க வேண்டியதில்லை. மெல்லிய இளஞ்சிவப்பு ஆபத்தற்றது என்றும் பொருளில்லை.

முதலில்: காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

வழிகாட்டியின் மற்றப் பகுதிகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். கீழே சொல்லப்படுபவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கட்டிகட்டியாக இரத்தம் வந்து, அதன்பின் சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடிவயிறு புடைத்து வலித்தால், உறைந்த இரத்தம் சிறுநீர்ப்பையின் வாயை அடைத்துக்கொண்டது என்று கொள்ளலாம். இதற்கு வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அடைப்பு நீங்கும் என்று தண்ணீரை மேலும் குடித்தால் வலிதான் கூடும். மருத்துவமனையில் குழாய் செலுத்தி உறைகட்டிகளைக் கழுவி எடுக்க வேண்டும். இரத்தப்போக்கு அடர்த்தியாகத் தொடர்ந்து, தலைசுற்றலோ மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ சேர்ந்தாலும் அவசரம்தான்.

குளிர் நடுக்கத்தோடு கூடிய காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்து வந்தால், தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அதோடு கல்லும் அடைத்திருந்தால், தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகி, சில மணி நேரங்களிலேயே உயிருக்கு ஆபத்தான நிலை உருவாகக்கூடும். விபத்திலோ கீழே விழுந்தோ முதுகு, வயிறு, இடுப்பு ஆகிய பகுதிகளில் அடிபட்ட பிறகு சிறுநீர் சிவந்தாலும் காத்திருக்கக் கூடாது. முகமும் கால்களும் வீங்கி, சிறுநீரின் அளவு குறைந்து, அது தேநீர் நிறத்தில் போனாலோ, சிறுநீரில் இரத்தம் வரும் அதே நாட்களில் இருமும்போதும் இரத்தம் வந்தாலோ, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வேகமாகச் சேதமடைந்துகொண்டிருக்கலாம். ஒரே ஒரு சிறுநீரகத்துடன் வாழ்பவர்கள், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் இத்தகைய கடுமையான அறிகுறிகள் இல்லாவிட்டாலும் அன்றைக்கே தங்கள் மருத்துவரைத் தொடர்புகொள்வது நல்லது.

படி 1: அது இரத்தம்தானா என்று உறுதி செய்தல்

சிவந்த சிறுநீர் எல்லாம் இரத்தம் அல்ல. பீட்ரூட் உண்டவர்களில் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்துக்கு மாற்றும். சிறுநீர் எரிச்சலைத் தணிக்கத் தரப்படும் ஃபெனாசோபிரிடினும் அப்படியே செய்யும். நைட்ரோஃப்யூரன்டாயின், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளால் சிறுநீர் பழுப்பாகலாம். மஞ்சள் காமாலையில் சிறுநீர் கருமஞ்சளாக இருக்கும். கண்களின் வெண்பகுதியும் மஞ்சளாக இருப்பதைக் கொண்டு அதை ஊகிக்கலாம்.

இதில் ஒன்று மட்டும் தனிக் கவனத்துக்குரியது. பழக்கமில்லாத கடும் உடற்பயிற்சிக்குப் பிறகோ, வெயிலில் நெடுநேரம் உழைத்த பிறகோ, வலிப்பு வந்த பிறகோ, தசைகள் கடுமையாக வலித்து, சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் போனால், சிதைந்த தசைகளிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரில் கலந்திருக்கலாம். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டை இதையும் இரத்தம் என்றே காட்டும். ஆனால் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் தென்படமாட்டா. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடிய இந்த நிலையும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதுதான்.

பெண்களைப் பொறுத்தவரை, இரத்தம் சிறுநீரிலிருந்து வருகிறதா, பிறப்புறுப்பிலிருந்து வருகிறதா, ஆசனவாயிலிருந்து வருகிறதா என்பதே முதல் கேள்வி. மாதவிடாய் நாட்களில் கொடுத்த மாதிரியை நம்ப முடியாது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேலான பெண்ணின் உள்ளாடையில் கறை தெரிந்தால், அது எங்கிருந்து வந்திருந்தாலும் காரணத்தை அறிந்தே ஆக வேண்டும். சிறுநீரில் இல்லை என்று தெரிந்ததோடு நிறுத்திவிடக் கூடாது.

பீட்ரூட்டோ மாத்திரையோ காரணம் என்று ஐயம் எழுந்தாலும், ஊகத்தில் விட்டுவிடாமல் ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவதே சரி. எளிய பரிசோதனைதான், ஐயம் அன்றே தீர்ந்துவிடும்.

படி 2: பார்த்ததைப் பார்த்தபடி குறித்துக்கொள்ளுதல்

மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கான விடைகள் கழிப்பறையிலேயே கிடைக்கின்றன. தண்ணீர் ஊற்றியபின் அவை கிடைக்கமாட்டா. கூச்சப்படாமல் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம், "லேசாகச் சிவப்பு மாதிரி" என்ற வருணனையைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இரத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது மட்டும் சிவந்து, பிறகு தெளிந்தால், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள வெளிவழியில் கசிவு இருக்கலாம். முடிக்கும் தறுவாயில் மட்டும் சொட்டினால் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி, ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றை நினைக்க வேண்டும். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராகச் சிவந்திருந்தால், சிறுநீர்ப்பையிலோ அதற்கு மேலேயோ இரத்தம் கலக்கிறது. இது துல்லியமான கணக்கு அல்ல. ஆயினும் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு உதவும்.

அடுத்தது நிறம். இளஞ்சிவப்பு, சிவப்பு ஆகியவை பெரும்பாலும் குழாய்வழியிலோ பையிலோ புதிதாகக் கசிந்த இரத்தத்தைக் காட்டுகின்றன. தேநீர் நிறம், புகை படிந்ததுபோன்ற பழுப்பு ஆகியவை சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலிருந்து வருவதைக் காட்டலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை அழற்சியுற்றால் சிவப்பணுக்கள் நசுங்கி, உருமாறி வெளியேறுகின்றன. அத்தகைய இரத்தம் பெரும்பாலும் உறைகட்டியாக வருவதில்லை. ஆகவே உறைகட்டிகள் தெரிந்தால், சிக்கல் வடிகட்டியில் அல்லாமல் குழாய்வழியிலோ பையிலோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். புழுவைப் போல நீண்டு மெலிந்த உறைகட்டி, சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயில் உறைந்து அதன் வடிவத்தைப் பெற்றிருக்கலாம். தட்டையான, பெரிய கட்டிகள் பைக்குள் உறைந்தவை.

இவற்றோடு, நுரை அடங்காமல் நிற்கிறதா, அண்மையில் தொண்டைவலியோ தோலில் சீழ்ப்புண்ணோ வந்ததா, என்னென்ன மருந்துகள் உட்கொள்ளப்படுகின்றன, குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோயோ இளமையிலேயே காது கேளாமையோ இருந்ததா என்பவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். காது கேளாமைக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு என்று வியப்பாக இருக்கலாம். ஆல்போர்ட் நோய் என்ற பரம்பரைக் குறைபாட்டில் சிறுநீரக வடிகட்டியின் சவ்வும் உட்காதும் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன. இரண்டிலும் ஒரே வகைக் கொலாஜன் புரதம் குறைபட்டிருப்பதே காரணம்.

படி 3: உடன் வரும் அறிகுறிகள் என்ன சொல்கின்றன

எரிச்சல், நீர்க்கடுப்பு, அடிக்கடி கழிக்க வேண்டும் என்ற அவசரம், கலங்கலான சிறுநீர் ஆகியவை சேர்ந்து வந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். குறிப்பாகப் பெண்களிடம் இது மிகப் பரவலானது. இங்கேதான் பெரிய தவறும் நிகழ்கிறது. வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்கிவிட்டால், பிறகு எடுக்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளராமல் போகும்; தொற்று இருந்ததா, இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும். இரத்தமோ தன் இயல்பின்படி இரண்டு நாட்களில் நின்றிருக்கும். பெயர் மாத்திரைக்குக் கிடைக்கும். இப்படி ஒவ்வொரு முறையும் தொற்று என்று சொல்லப்பட்டு, கல்ச்சர் இல்லாமலே மருந்து கொடுக்கப்பட்டு, கடைசியில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது பெண்களிடம் கூடுதலாக நிகழ்கிறது. ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் மாதிரியைக் கொடுப்பது, பிறகு மருந்து, மருந்து முடிந்தபின் மீண்டும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று தீர்ந்த பிறகும் சிவப்பணுக்கள் தென்பட்டால், தொற்று மட்டுமே காரணம் அல்ல.

விலாவில் தொடங்கி அடிவயிறு நோக்கியும் தொடையிடுக்கு நோக்கியும் இறங்கி, விட்டுவிட்டு முறுக்கும் வலி கல்லின் அடையாளம். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அடங்காது. குமட்டலும் வாந்தியும் கூடவே வரும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். வெளியேறும் கல்லை வடிகட்டி எடுத்து வைத்தால், அதன் வகையை ஆய்வகத்தில் அறிந்து, மறுபடி உருவாகாமல் தடுக்க வழி தேடலாம்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்குச் சிறுநீர்த் தாரை மெலிந்து, தொடங்கத் தாமதமாகி, இரவில் பலமுறை எழ நேர்ந்தால் புராஸ்டேட் வீக்கம் நினைவுக்கு வரும். வீங்கிய சுரப்பியின் மேலுள்ள இரத்த நாளங்கள் எளிதில் கசியும். ஆனால் புராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்பதே சிறுநீர்ப்பையைப் பார்க்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. ஒரே மனிதருக்கு இரண்டும் இருக்கக்கூடும்.

தொண்டைவலி வந்த அதே ஓரிரு நாட்களில் சிறுநீர் பழுப்பானால் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற சிறுநீரக வடிகட்டி நோயை மருத்துவர்கள் ஐயுறுவர். தொண்டைத் தொற்று தீர்ந்து ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்து, முக்கியமாகக் குழந்தைகளிடம், அதே நிறமும் முகவீக்கமும் தோன்றினால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்குப் பிந்தைய வடிகட்டி அழற்சியாக இருக்கலாம். இரண்டிலும் இரத்த அழுத்தத்தை உடனே அளந்து பார்ப்பது முக்கியம்.

எரிச்சலும் அவசரமும் மாதக்கணக்கில் தொடர்ந்து, சிறுநீரில் சீழணுக்கள் நிறைய இருந்தும் வழக்கமான கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை என்றால், சிறுநீர்ப் பாதையின் காசநோயை நினைவில் கொள்ள வேண்டும். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு; கேட்டால்தான் செய்வார்கள்.

கடைசியாக, வலியே இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் இரத்தம். வலி இல்லாதது பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. மருத்துவருக்கு அதுவே கூடுதல் கவலை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்நோய் கண்டறியப்படும்போது ஏறத்தாழ நான்கில் மூவருக்கு அது பையின் தசைக்குள் இன்னும் ஊடுருவியிருப்பதில்லை. அந்தக் கட்டத்தில் வயிற்றைத் திறக்காமல், உள்வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்துச் சிகிச்சை அளிக்க முடிகிறது. தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே அகற்றும் அளவுக்குச் சிகிச்சை பெரிதாகிவிடலாம். முதல் முறை இரத்தம் தெரிந்தபோதே சென்றவருக்கும், மூன்றாம் முறை வரை பொறுத்தவருக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவாக இருக்கக்கூடும்.

படி 4: எவ்வளவு விரைவில் செல்ல வேண்டும்

அவசர நிலைமைகளை முன்பே பார்த்தோம். அவை இல்லாத நிலையிலும், கண்ணுக்குத் தெரியும் இரத்தம் வயதுவந்த எவருக்கு ஒருமுறை வந்தாலும், சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல், 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குத் தொற்று இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் இரத்தம் வந்தாலும், தொற்றுக்குச் சிகிச்சை பெற்ற பிறகும் அது நீடித்தாலும், புற்றுநோய் ஐயத்தோடு விரைவாகச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது. இளையவர்கள் தப்பித்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. தேடலின் வேகமும் ஆழமும்தான் மாறுகின்றன.

அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் முதலிடம் புகைபிடித்தலுக்குத்தான். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகைதான் காரணம் என்று கணிக்கப்பட்டுள்ளது. நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கும் நச்சுப்பொருள்களைச் சிறுநீரகங்கள் வடிகட்டிச் சிறுநீரில் சேர்க்கின்றன. அந்தச் சிறுநீர் மணிக்கணக்கில் பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டவரும் முன்பு பிடித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்தது தொழில். 1895-இல் லூட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதைப் பதிவு செய்தார். சாயம், ரப்பர் போன்ற தொழில்களில் பயன்பட்ட அரோமாட்டிக் அமைன் வகை வேதிப்பொருள்களின் விளைவு பல பத்தாண்டுகள் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், ஓய்வு பெற்றவரும் தம் பழைய வேலையைக் குறிப்பிட வேண்டும். இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள், புற்றுநோய் போன்றவற்றுக்குத் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு மருந்து உட்கொண்டவர்கள், நெடுங்காலம் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பவர்கள், நெருங்கிய உறவில் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும் அபாயம் கூடுதல். ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவின் சில பகுதிகளிலும் ஆறு, ஏரி ஆகியவற்றில் நீராடியவர்கள், சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணியின் வாய்ப்பையும் மருத்துவருக்கு நினைவூட்ட வேண்டும்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் போன்றவற்றை எடுப்பவருக்குச் சிறுநீரில் இரத்தம் வந்தால், பழியை மாத்திரையின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடுவது எளிது. ஆனால் இம்மருந்துகள் கசிவுக்கு இடத்தை உண்டாக்குவதைவிட, ஏற்கனவே உள்ள இடத்திலிருந்து கசிவதை எளிதாக்குகின்றன. அதனால்தான் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல், இவர்களுக்கும் மற்றவர்களுக்குச் செய்வதைப் போலவே முழுப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்கிறது. மாத்திரையைத் தாமாக நிறுத்துவது இன்னொரு பெரிய தவறு. இதயத்திலோ மூளையிலோ அடைப்பு ஏற்பட அது வழிவிடும். நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

படி 5: மாதிரி கொடுத்தலும் அறிக்கையைப் படித்தலும்

மாதிரி சரியாக இல்லாவிட்டால் அறிக்கையும் சரியாக இராது. பிறப்புறுப்பைச் சுத்தமான நீரால் கழுவித் துடைத்துவிட்டு, முதலில் வரும் சிறுநீரை வெளியே விட்டு, நடுவில் வருவதை மட்டும் ஆய்வகம் கொடுத்த புட்டியில் பிடிக்க வேண்டும். புட்டியின் உட்புறத்தைத் தொடக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது நல்லது. தாமதமாகுமானால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். முந்தைய இரண்டு மூன்று நாட்களில் கடும் உடற்பயிற்சி செய்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் தோன்றும் இரத்தம் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் மறைந்துவிடும் என்பதால், ஓய்வுக்குப் பின் மறுபடி பரிசோதித்துப் பார்ப்பார்கள்.

அறிக்கையில் முதலில் தோய்பட்டையின் முடிவு இருக்கும். "அக்கல்ட் பிளட்" (மறைந்துள்ள இரத்தம்) என்ற வரிசையில் பாசிட்டிவ் என்று இருந்தால் மட்டும் அதை இரத்தம் என்று முடிவு செய்யக்கூடாது. விந்து கலந்திருந்தாலும், கழுவப் பயன்படுத்திய கிருமிநாசினி கலந்திருந்தாலும் பட்டை நிறம் மாறலாம். மாறாக, வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுப்பவருக்கு உள்ள இரத்தத்தையும் அது காட்டாமல் விடலாம். தீர்ப்பு நுண்ணோக்கியிடம் இருக்கிறது. "ஆர்.பி.சி." என்ற வரிசையில், ஒரு நுண்ணோக்கிப் புலத்துக்கு (நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் தெரியும் பரப்புக்கு) 3 அல்லது அதற்கு மேற்பட்ட சிவப்பணுக்கள் இருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கலப்பு என்று கொள்ளப்படுகிறது. 25-க்கு மேல் இருந்தால் அபாயம் கூடுதலான பிரிவில் சேர்க்கப்படும்.

அதே அறிக்கையில் "அல்புமின்" அல்லது "புரோட்டீன்" என்ற வரிசையையும், "காஸ்ட்" என்ற வரிசையையும் பார்க்க வேண்டும். புரதம் கணிசமாகக் கசிவதும், சிவப்பணுக்கள் உருமாறியிருப்பதும், சிவப்பணுக்களாலான காஸ்ட் என்னும் உருளை வடிவத் துகள்கள் தென்படுவதும் வடிகட்டிகளின் நோயைச் சுட்டுகின்றன. அப்படியானால் செல்ல வேண்டியது சிறுநீரக நோய்களை மருந்தால் குணப்படுத்தும் நெஃப்ராலஜிஸ்டிடம். இவை எதுவும் இல்லாமல் சிவப்பணுக்கள் மட்டும் இருந்தாலோ, உறைகட்டிகள் வந்திருந்தாலோ சிறுநீர்ப் பாதை அறுவை மருத்துவரான யூராலஜிஸ்டிடம் செல்ல வேண்டும். இருவரின் பணியும் வேறு. தவறான வாயிலில் காத்திருந்து வாரங்களை வீணாக்குபவர்கள் பலர்.

படி 6: மேல் பரிசோதனைகள்

இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்திறனைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின் ஆகியவை எல்லோருக்கும் பார்க்கப்படும். பிறகு பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கதிர்வீச்சு இல்லாத, வலியற்ற பரிசோதனை. சிறுநீரகக் கட்டி, நீர்க்கட்டிகள், கல், வீக்கம் ஆகியவற்றைக் காட்டும். ஆனால் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்க்குள் உள்ள சிறு கட்டியையும், பையின் சுவரில் தட்டையாகப் படர்ந்த கட்டியையும் அது தவறவிடலாம். "ஸ்கேன் நார்மல்" என்ற இரண்டு சொற்களோடு தேடலை நிறுத்திக்கொள்வது, நின்றுபோன இரத்தத்தை நம்புவதற்கு அடுத்தபடியான தவறு.

அபாயம் கூடுதலானவர்களுக்குச் சாயம் செலுத்திச் சிறுநீர்ப் பாதை முழுவதையும் படம் எடுக்கும் சி.டி. யூரோகிராம் பரிந்துரைக்கப்படும். அதற்கு முன் சிறுநீரகத்தின் செயல்திறன், முன்பு சாயத்தால் ஒவ்வாமை வந்ததா, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறாரா, கருவுற்றிருக்கும் வாய்ப்பு உண்டா என்பனவற்றைத் தெரிவிக்க வேண்டும்.

பலர் அஞ்சித் தள்ளிப்போடுவது சிஸ்டோஸ்கோப்பியைத்தான். சிறுநீர் வெளியேறும் வழியாகவே கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திப் பையின் உட்புறத்தை நேராகப் பார்ப்பதே இது. வளையும் குழாயால் செய்யும்போது, உணர்வு மழுங்கச் செய்யும் ஜெல்லைத் தடவி, முழு மயக்கம் இல்லாமல், சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். பையில் நீர் நிரம்பும்போது கழிக்க வேண்டும் என்ற உந்துதல் இருக்கும். ஆண்களுக்குப் புராஸ்டேட் பகுதியைக் கடக்கும் சில நொடிகள் சற்று அசௌகரியமாக இருக்கும். அப்போது மெதுவாக மூச்சை இழுத்துவிட்டு, சிறுநீர் கழிக்க முயல்வதுபோலத் தசைகளைத் தளர்த்தினால் எளிதாகும். பிறகு ஓரிரு நாட்கள் எரிச்சலும் இளஞ்சிவப்பு நிறமும் இருப்பது இயல்பு. காய்ச்சலோ அடைப்போ வந்தால் மட்டும் திரும்பிச் செல்ல வேண்டும். சிறுநீரில் புற்றணுக்களைத் தேடும் சைட்டாலஜி பரிசோதனை, இதற்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது.

வடிகட்டி நோய் என்று ஐயுற்றால் தேடல் வேறு பாதையில் செல்லும்: சில இரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் ஊசி மூலம் சிறுநீரகத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி.

குழந்தைகளுக்குத் தேடல் பெரும்பாலும் எளிமையானது. புற்றுநோய் அரிது, தொற்றும் வடிகட்டி அழற்சியும் சிறுநீரில் கால்சியம் மிகுதலுமே வழக்கமான காரணங்கள். ஆனால் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் தாமதிக்கக் கூடாது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் அணையாடையில் செங்கல் பொடி போன்ற கறை தெரிந்தால், அது பெரும்பாலும் யூரேட் படிகங்கள். பால் போதுமான அளவு கிடைக்கும்போது மறைந்துவிடும். ஓரிரு நாட்களில் மறையாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படி 7: காரணம் தெரியாதபோது

எல்லாம் பார்த்தும் எதுவும் இல்லை என்ற முடிவு வருவது வழக்கத்துக்கு மாறானதன்று. அதைக் கேட்டு ஏமாற்றம் அடைபவர்களும் உண்டு. உண்மையில் அஞ்சத்தக்க காரணங்கள் நீக்கப்பட்டுவிட்டன என்பதே அதன் பொருள். கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கலப்பு தொடருமானால், ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்த்து வர வேண்டும். சிறுநீரக நோய் முதலில் சிவப்பணுக்களாக மட்டும் தோன்றி, ஆண்டுகள் கழித்துச் சிறுநீரில் புரதமாகவும் உயர் இரத்த அழுத்தமாகவும் வெளிப்படலாம்.

அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்திருப்பது நல்லது. தெளிவாக இருந்த சிறுநீர் மறுபடி ஒருநாள் கண்ணுக்குத் தெரியும்படி சிவந்தால், சென்ற முறை ஒன்றும் இல்லை என்றார்களே என்று வீட்டில் இருந்துவிடாமல், கோப்போடு மீண்டும் செல்ல வேண்டும். சிஸ்டோஸ்கோப்பி உட்பட எந்தப் பரிசோதனையை மறுபடி செய்வது என்பதை, முன்பு செய்த நாளையும் இப்போது கண்ட அறிகுறியையும் வைத்து மருத்துவர் தீர்மானிப்பார்.